தாமஸ் கிரீனின் பிள்ளை

தினமும் காலையில், சோளக் கஞ்சி ஆறுவதற்குள், லவீனா தன் மகளுக்குப் பொய் சொல்லப் பழக்குவாள்.

"உன் பேரு என்ன?"

"ரோடா."

"ரோடா... அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. ரோடா மட்டும்தான்."

"உங்கப்பா யாரு?"

"தெரியாது."

"எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?"

"தெரியாது."

சரியாகச் சொன்னால் உலர்ந்த ஆப்பிள் துண்டு ஒன்று கிடைக்கும். லவீனாவின் ஏப்ரன் பையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் கிடக்கும். ரோடாவுக்கு நாலு வயது. இந்த ஒரு வருடத்தில் அவள் ஒரு நாள்கூட ஆப்பிளைக் கோட்டைவிட்டதில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் இதே பாடம்தான் நடந்தது. தங்கள் சபையின் முறைப்படி ஒன்றுக்கு மேல் மனைவி கட்டியிருக்கிற ஆண்களைப் பிடிக்க வாஷிங்டன்காரர்கள் சட்டம் போட்டிருந்தார்கள். அவர்களுடைய போலீஸ்காரர்களான டெபுடிகள் குதிரையில் வந்து, வேலியோரம் விளையாடும் பிள்ளைகளிடம் புதினா மிட்டாயை நீட்டி அப்பா பெயரைக் கேட்டார்கள். பக்கத்து ஊரில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி மிட்டாயை வாங்கிக்கொண்டு பெயரைச் சொல்லிவிட்டாள். அவள் அப்பா கோடு போட்ட சட்டையோடு ஆறு மாதம் ஜெயிலில் கிடந்தார். அந்தப் பெண்ணோடு அவள் அண்ணன்மார் இன்றுவரை பேசுவதில்லை என்றார்கள்.

ஆகவே லவீனாவுக்கு வில்லோ கிரீக்கில் சொந்தப் பெயர் கிடையாது, புருஷனும் கிடையாது. அவள் திருமதி கிரீன். தாமஸ் கிரீன் என்பவரின் விதவை. அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அவள் புருஷன் மைலோ தார்ன்லிதான். இரண்டு வருடத்துக்கு முன், போர்வைக்கடியில் அவளையும் பிள்ளையையும் படுக்கவைத்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்த வழியில், அரை நிமிஷம்கூட யோசிக்காமல் வைத்தார். பெயரோடு நோயையும் சேர்த்தே கொடுத்தார். காய்ச்சல் என்று சொல், காய்ச்சல் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்றார்.

காய்ச்சலில் செத்து மூன்று வருடமான அந்தத் தாமஸ் கிரீனுக்கு ஐந்து வாரத்துக்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது.

ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த ஊரின் மரியாதை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் வேதத்தின்மேல் கைவைத்துத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். ஓடையில் தண்ணீர் மொள்ள வரும் பெண்கள் குழந்தையைப் பார்ப்பார்கள், அழகாக இருக்கிறான் என்பார்கள், யார் சாயல் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அந்த ஒன்றைச் சொல்லாமல் அவர்கள் வாயை மூடிக்கொள்ளும் விதத்தைப் பார்க்கும்போது லவீனாவுக்குக் குடத்தைத் தூக்கி எறியலாம் போலிருக்கும்.

அவளுக்கு இடம் கொடுத்திருந்தவள் ஸ்டீனா எல்லகார்ட். டென்மார்க்கிலிருந்து கப்பலேறி வந்த பெண், ஐம்பது வயது, எதையும் சத்தமாகத்தான் சொல்வாள். அவள் புருஷனும் இதே குற்றத்துக்காக ஜெயிலில் இருந்தார். ஸ்டீனா வீட்டுக் கோதுமைக் குதிருக்குப் பின்னால் பலகை வைத்து மறைத்த ஒரு பொந்து உண்டு. குதிரைச் சத்தம் கேட்டால் லவீனா அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். கர்ப்பமாக இருந்தபோது கடைசி மாதத்தில் அதற்குள் நுழையவே முடியவில்லை.

"உன் தாமஸ் கிரீன் மாதிரி ஒரு புருஷன் எனக்குக் கிடைச்சிருக்கணும்டி. குறட்டை கிடையாது, துவைக்கத் துணி கிடையாது, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்ற வாய் கிடையாது" என்பாள் ஸ்டீனா.

லவீனா முதலில் இதற்குச் சிரித்திருக்கிறாள். குழந்தை பிறந்த பிறகு சிரிக்கவில்லை.

காரணம் இதுதான். பிறந்த குழந்தையைச் சபைக்கு எடுத்துப்போய், மூப்பர்கள் வட்டமாக நின்று கையில் ஏந்தி, பெயர் சொல்லி ஆசீர்வதிக்க வேண்டும். சபை எழுத்தர் அந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் தாய் பெயரையும் புத்தகத்தில் எழுதுவார். பூமியில் அந்தப் புத்தகத்தில் எழுதுவதுதான் பரலோகத்திலும் எழுதப்படும். இதை லவீனா எங்கோ கேட்ட கதையாக வைத்துக்கொள்ளவில்லை. மலையில் பனி உருகினால் ஓடையில் தண்ணீர் வரும் என்பதை நம்புவது போல இதையும் நம்பினாள். இந்த நம்பிக்கைக்காகத்தான் பதினேழு வயதில், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு இரண்டாவது மனைவியாகச் சம்மதித்தாள். சாவோடு முடிந்துபோகாத கல்யாணம், எந்தக் காலத்திலும் பிரியாத குடும்பம் என்றுதான் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ரோடா பிறந்தபோது அவளைச் சமையலறையில் திரையை இழுத்துவிட்டு மைலோ அவசரமாக ஆசீர்வதித்தார். எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. லவீனா அழுதபோது, "அடுத்த பிள்ளையைச் சபை நடுவுல என் கையாலயே ஏந்துறேன். தார்ன்லின்னே எழுத வைக்கிறேன்" என்றார். அந்த வாக்கை வைத்துக்கொண்டுதான் அவள் நாலு வருடம் மறைவிலும் பொய்யிலும் இருந்தாள்.

இப்போது அடுத்த பிள்ளை வந்துவிட்டான். மாதத்தின் முதல் வியாழக்கிழமை, குழந்தைகளை ஆசீர்வதிக்கும் உபவாசக் கூட்டம். மைலோ வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் வண்டி வந்தது. மாடு வாங்க வந்த பிரவுன் என்று பெயர் வைத்துக்கொண்டு, தாடியை மழித்துக்கொண்டு மைலோ இறங்கினார். பக்கத்தில் அவருடைய மூத்த மனைவி ஹல்டா. சட்டப்படி கட்டிய மனைவியோடு போகிற மனிதனை எந்த டெபுடியும் நிறுத்தமாட்டான், அதற்காகக் கூட்டிவந்திருந்தார்.

வாசலில் ரோடா பூனையோடு உட்கார்ந்திருந்தாள். மைலோ தொப்பியை எடுத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நல்ல முகம் அவருக்கு, நல்ல குரல். பாட ஆரம்பித்தால் கூட்டத்தில் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். அந்தக் குரலில், "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்றார்.

ரோடா அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கதவருகில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். சொல்லிவிட்டு அம்மாவிடம் கையை நீட்டினாள்.

லவீனா ஏப்ரன் பையிலிருந்து ஆப்பிள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

மைலோவின் முகம் தொங்கிப்போயிற்று. பெற்ற தகப்பனையே தெரியாது என்று சொல்லவா பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பாய் என்று குறைப்பட்டார். நீங்கள் எழுதி அனுப்பிய பாடத்தைத்தான் கற்றுக்கொடுத்தேன், அப்பாவே வந்து கேட்டால் என்ன சொல்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை என்றாள் லவீனா. ஸ்டீனா வேகமாக உள்ளே போய், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் மைலோ விஷயத்தைச் சொன்னார். பிஷப்பிடம் எல்லாம் பேசியாகிவிட்டது. குழந்தையை நாளைக்குச் சபை நடுவிலேயே ஆசீர்வதிக்கலாம். பெஞ்சமின் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். ஆனால் பின்னால் கிரீன் என்றுதான் எழுதவேண்டும். தகப்பன் பெயர் தாமஸ் கிரீன், காலமானவர். டெபுடிகள் இப்போது சபைப் புத்தகங்களையே கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம்.

"அந்த எடத்த வெறுமனே விடச் சொல்லுங்க" என்றாள் லவீனா. தன் குரல் அவ்வளவு மெதுவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"வெறுமனே விட்டா அதுதான் சந்தேகம். லவீனா, கர்த்தருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சா போதாதா? நானும் அந்த வட்டத்துல நிப்பேன். என் கையும் அவனுக்கு அடியில இருக்கும்."

"கை இருக்கும், பேரு இருக்காது."

"ஆறு மாசம் ஜெயிலுக்குப் போகச் சொல்றியா என்னை?"

ஸ்டீனா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்: "நம்ம ஜனங்க செத்தவங்களத் தேடித் தேடிப் பேரு கண்டுபிடிச்சு, அவங்களுக்காக ஞானஸ்நானம் எடுக்குறவங்க. புத்தகத்துல ஒரு தடவ ஏறிட்டா, நாளைக்கு எவனாவது ஒரு புண்ணியவான் இந்தத் தாமஸ் கிரீனுக்காகவும் தண்ணியில முங்குவான். அதோட நிப்பானா? இவளையும் பிள்ளையையும் அந்த ஆளுக்கே நித்தியத்துக்கும் பெண்டாட்டி பிள்ளையா முத்திரை போட்டுக் குடுத்துருவான்."

ஸ்டீனா இதைக் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மைலோ குதிரைக்குத் தீனி போடவேண்டும் என்று எழுந்து வெளியே போனார்.

லவீனா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பரலோகத்தில் ஒரு கதவருகே தன் மகன் நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். உன் தகப்பன் யார் என்று கேட்கிறார்கள். அவன் தாமஸ் கிரீன் என்கிறான். அங்கே அப்படி ஒருவரும் இல்லை. கூட்டம் கூட்டமாக எல்லாரும் தங்கள் குடும்பத்தோடு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறார்கள். இவன் மட்டும் இல்லாத ஒரு மனிதனுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான்.

ஹல்டா அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் உபவாசத்துக்குப் பிறகு சமைப்பதற்காக உருளைக்கிழங்குகளை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாக உயரமான பெண். ஒரே வீட்டில் இருந்த மூன்று வருடமும் அவள் லவீனாவை ஒரு நாள்கூடத் திட்டியதில்லை, ஒரு நாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஊசியால் குத்துவது போல ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

"விதவைக்கு உடம்பு நல்லாத்தான் தேறியிருக்கு" என்றாள் இப்போதும்.

"அக்கா, இன்னிக்கு வேண்டாம்."

ஹல்டா கிழங்கைக் கீழே வைத்தாள். தலையைத் தூக்காமல், போன மாதம் நடந்ததைச் சொன்னாள். மைலோவின் பெயர் டெபுடிகளின் பட்டியலில் ஏறியிருக்கிறது. புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மனைவியை யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் ஹல்டா தானாகவே போய் நீதிபதி முன்னால் சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மைலோவுக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அனுப்பி வைத்தார்.

"என் புருஷனுக்கு வேற பெண்டாட்டி கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்லன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன். இந்தக் கையத்தான் வேதத்துமேல வச்சேன்" என்று வலது கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கை நடுவில் பழைய தீக்காயம், பாகு காய்ச்சும்போது பட்டது, சுருங்கிப்போய் வெள்ளையாக இருந்தது. "வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இந்தக் கையால மாவு பிசையல."

அந்தத் தீக்காயத்தை லவீனாவுக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன், சால்ட் லேக் நகரில், நித்தியக் கல்யாணங்கள் நடக்கும் முத்திரிப்பு வீட்டில், பலிபீடத்தின் முன் மைலோ ஒரு பக்கம் மண்டியிட்டிருந்தார். வேதத்தில் ஆபிரகாமுக்கு அவன் மனைவி சாராள் ஆகாரைக் கொடுத்தது போல, மூத்தவள்தான் இளையவளின் கையைப் பிடித்துப் புருஷனின் கையில் வைக்கவேண்டும். அதுதான் முறை. கொடுக்கச் சம்மதமா என்று ஹல்டாவைக் கேட்டார்கள். சம்மதம் என்றாள். அப்போது தன் விரல்களைச் சுற்றி இறுகிய அந்தக் கையின் சொரசொரப்பு லவீனாவுக்கு இன்னும் மறக்கவில்லை. நடுங்கியது யார் கை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. தன் கைதான் என்று நினைத்திருந்தாள்.

"நீங்க ஏன் போய்ச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"நீ ஏன் விதவைன்னு சொன்ன?" என்றாள் ஹல்டா. பிறகு மறுபடியும் கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை சபை வீடு நிரம்பியிருந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். யாரும் சாப்பிடாததால் வயிறுகள் சத்தம் போட்டன. முன்னால் சின்ன மேசையில் சபை எழுத்தர் புத்தகத்தைத் திறந்து, பேனாவைத் துடைத்து வைத்திருந்தார். கடைசி பெஞ்சில் ஊருக்குத் தெரியாத ஒரு ஆள். தையல் மெஷின் விற்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாளாகச் சுற்றுகிறானாம். மெஷினை இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்று ஸ்டீனா காதோடு சொன்னாள்.

மைலோவும் அந்த ஆளைப் பார்த்துவிட்டார். லவீனா அதைக் கவனித்தாள்.

பிஷப் ஸ்கோஃபீல்ட் குழந்தையைக் கேட்டு வாங்கினார். மூப்பர்கள் எழுந்து வந்து வட்டமாக நின்று, ஆளுக்கொரு கையைக் குழந்தைக்கு அடியில் கொடுத்தார்கள். ஐந்து பேர். விருந்தாளியாக வந்திருக்கும் சகோதரர்களும் வரலாம் என்று பிஷப் மைலோ இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

மைலோ எழவில்லை. பூட்ஸில் ஏதோ ஒட்டியிருப்பது போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஷப் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு வட்டம் அந்த இடத்தை மூடிக்கொண்டது. அவர் கண்ணை மூடி, பெஞ்சமின் கிரீன் என்ற பெயரால் இந்தக் குழந்தையை ஆசீர்வதிக்கிறோம் என்றார். குழந்தை அழவேயில்லை. ஐந்து பேரின் கைகளில் மெதுவாக ஆடிக்கொண்டு, யாருடைய பெயரையோ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். எழுத்தர் தகப்பன் பெயரைக் கேட்டார். பிஷப் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாமஸ் கிரீன். காலமானவர்" என்றார். பேனா காகிதத்தில் கீறிக்கொண்டு போன சத்தம் பெண்கள் பக்கம்வரை கேட்டது.

நேற்று பெயரைத் தரமாட்டேன் என்றார், கையையாவது தருகிறேன் என்றார். இன்று கையும் இல்லை. லவீனாவுக்குப் பொந்துக்குள் மூச்சடக்கி உட்கார்ந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. பலகைக்கு அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்க, ரோடாவின் வாயைப் பொத்திப் பொத்திக் கை மரத்துப்போன நாட்கள் அவை.

மைலோ எல்லாவற்றையும் யோசித்திருந்தார். ஒன்றை மட்டும் மறந்துபோனார். சமையலறையில் ஆசீர்வதித்திருந்தால் விஷயம் திரைக்குள்ளேயே முடிந்திருக்கும். உபவாசக் கூட்டத்தில் ஆசீர்வாதம் முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். ஆவி ஏவுகிற யாரும் எழுந்து பேசலாம், பெண்ணும் பேசலாம். எழுந்தவரை உட்காரச் சொல்ல பிஷப்புக்கும் அதிகாரம் இல்லை. பிறந்ததிலிருந்து இந்தச் சபையில் வளர்ந்த மனிதருக்கு இது தெரியாமல் இல்லை. லவீனா எழுந்திருப்பாள் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை.

வழக்கம் போல ஸ்டீனா முதலில் எழுந்து, தன் பல்வலியைக் கர்த்தர் குணமாக்கியதைச் சொல்லி உட்கார்ந்தாள். அடுத்து ஒரு கிழவர் மழைக்காக நன்றி சொன்னார். அதற்குப் பிறகு லவீனா குழந்தையோடு எழுந்து நின்றாள். முன் பெஞ்சின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கர்த்தர்மேல விசுவாசம் இருக்கு. அத முதல்ல சொல்லிக்கிறேன்" என்றாள். "நான் விதவை இல்ல. தாமஸ் கிரீன்னு ஒரு ஆள் இந்த பூமியில நடந்ததே இல்ல. நான் முத்திரிப்பு வீட்டுல, பலிபீடத்துக்கு முன்னால கை பிடிச்சவ. இவன் அந்தக் கல்யாணத்துல பிறந்தவன். இவங்கப்பா யாருன்னு நான் சொல்லப்போறதில்ல. அவர் இந்த அறையிலதான் உக்காந்திருக்கார். அவரே எந்திரிச்சு ஒரு தடவ சொல்லட்டும். நான் உக்காந்துக்கிறேன்."

ஆனால் அவள் உட்காரவில்லை.

அடுப்பில் விறகு வெடித்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஆண்கள் பக்கத்தில் எல்லாரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைலோ எழவில்லை. லவீனா அவரையே பார்த்தாள். நிமிர்ந்து ஒரு தடவை தன் கண்ணைப் பார்த்தால் போதும், அதற்கே எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று அந்த நேரத்திலும் அவளுக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. அவர் ஜன்னலைப் பார்த்தார். தன் குதிரை எங்கே கட்டியிருக்கிறது என்று பார்த்தார்.

பிஷப் மெதுவாக, "சகோதரி சொல்றதுக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்துதான் கேட்டார். அவளைக் கௌரவமாக உட்காரவைக்க அது ஒரு வழி.

"இருக்கு."

பெண்கள் பக்கத்தில் ஹல்டா எழுந்து நின்றாள். அவ்வளவு உயரமாக அவளை லவீனா பார்த்ததே இல்லை.

"நான் மைலோ தார்ன்லியோட மூத்த பெண்டாட்டி. அதோ உக்காந்திருக்காரே, அவர்தான். அவர் பேரு பிரவுனும் இல்ல, மாடு வாங்கவும் வரல." வலது கையை உள்ளங்கை தெரியத் தூக்கிப் பிடித்தாள். "இவ கையப் பிடிச்சு அவர் கையில வச்சது இந்தக் கை. எனக்கு அப்ப முப்பத்தாறு வயசு. கர்த்தர் கேக்குறார், குடுன்னு சொன்னீங்க. குடுத்தேன். வீட்டுக்குப் போய் வாய்ல துணிய வச்சு அழுதுட்டு, மறுநாள் காலையில இவளுக்கும் சேத்து ரொட்டி சுட்டேன். போன மாசம் அது நடக்கவே இல்லன்னு இதே கையால சத்தியம் பண்ண வச்சாங்க. அது பொய்ச் சத்தியம். இங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன். இவ பெண்டாட்டி இல்லன்னா நான் குடுத்தது என்ன? நான் பட்டது என்ன? தாமஸ் கிரீனுக்காக நான் அதப் பண்ணல."

எழுத்தரைப் பார்த்து, "அடிச்சிட்டு எழுதுங்க" என்றாள்.

எழுத்தர் பிஷப்பைப் பார்த்தார். இரண்டு பெண்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு ஸ்டீனா எழுந்தாள், எதுவும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். ஓடையில் குழந்தையின் சாயலைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டவள் அவள். பிறகு வேறு யாரும் எழவில்லை. எல்லாப் பெண்களும் எழுந்திருந்தார்கள் என்று சொல்ல லவீனாவுக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. நாலு பேர்தான் நின்றார்கள். எழுத்தருக்கு நாலு பேர் போதுமானதாக இருந்தது. பேனாவை மையில் தோய்த்து ஒரு கோடு இழுத்தார், பிறகு எழுத ஆரம்பித்தார். கடைசி பெஞ்சில் தையல் மெஷின்காரனும் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டிருந்தான்.

லவீனா முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். மை இன்னும் காயவில்லை. பெஞ்சமின் தார்ன்லி. தகப்பன், மைலோ தார்ன்லி. தாய், லவீனா தார்ன்லி. "இன்னொண்ணும் எழுதணும். ரோடா. நாலு வயசு. அதுக்கும் ஆசீர்வாதம் நடந்தது, எழுதத்தான் இல்ல" என்றாள். எழுத்தர் மறுபேச்சில்லாமல் அதையும் எழுதினார்.

தலை நிமிர்ந்தபோது மைலோவின் இடம் காலியாக இருந்தது.

வெளியே அவர் வண்டியிலிருந்து ஒரு குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மெஷின்காரன் தந்தி அடிக்கப் பக்கத்து ஊருக்குப் போகவேண்டும், அதற்குள் மலையேறிவிடலாம். லவீனா வருவதைப் பார்த்ததும் அவர் குரல் உடைந்தது. என்னை அழித்துவிட்டீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து அழித்துவிட்டீர்கள் என்றார். அவர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். லவீனாவுக்கு அதைப் பார்த்து இரக்கம் வரும் என்று ஒரு பயம் இருந்தது. வரவில்லை.

"எந்திரிச்சிருந்தா நானே உங்களப் பொந்துல ஒளிச்சு வச்சிருப்பேன்" என்றாள். "அதுல ரெண்டு பேரு உக்காரலாம்."

மைலோ சேணமில்லாத குதிரையின் பிடரியைப் பிடித்தார். ஏறப்போனவர் நின்றார். சபை வீட்டுப் படியில் ரோடா உட்கார்ந்திருந்தாள். அவர் அவளிடம் போய்க் குனிந்தார்.

"அப்பா போறேன். இனிமே எப்ப வருவேனோ. ஒரே ஒரு தடவ சொல்லு தங்கம். நான் யாரு?"

ரோடா அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லலாம்" என்றாள் லவீனா. "இனிமே சொல்லலாம். புத்தகத்துல எழுதியாச்சு."

பிள்ளை அந்த மழித்த முகத்தை உற்றுப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கியது.

"தெரியாது" என்றாள்.

மைலோ நிமிர்ந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். பிறகு குதிரையில் ஏறிப் போனார். மலைப் பாதையில் தூசி எழுந்து, வளைவில் மறைந்தது. ரோடா கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். லவீனா குழந்தையைத் தோளுக்கு மாற்றி, ஏப்ரன் பையிலிருந்து ஓர் ஆப்பிள் துண்டை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஹல்டா வந்து பக்கத்தில் நின்று, தூசி போன திசையைப் பார்த்தாள். இருபத்தோரு வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள். உபவாசம் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"எனக்கும் ஒண்ணு குடு, லவீனா" என்று தீக்காயம் பட்ட கையை நீட்டினாள்.